பதின்மூன்றாவது சுற்றில் அவள் ஏன் குனியவில்லை

இந்த ஊர் மன்றத்தின் தலைத்தூணில் சாய்ந்து, முதுகு சாய்ந்தாலும் நீதி சாயாமல் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் சியாவோசி பெருமகனார் அவர்களே! ஞாயிறு தவறாமல் என் பாவங்களைப் பெயர் சொல்லாமல் எடுத்துரைத்து, பெயர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது என்னும்படி ஊருக்கு உணர்த்திவரும் போதகர் இயோசேஃபா அவர்களே! தூணுக்கு ஒரு குடும்பமாய் அமர்ந்திருக்கும் மூத்தோரே! கையால் பாய் முடைந்து, காதால் என் பேச்சைக் கேட்டு, கேட்டதைப் பொழுது சாயுமுன் தீவின் தென்கோடிவரை சேர்க்கவல்ல மகளிர் சங்கத் தலைவி வைபூனா அம்மையார் அவர்களே! தாய்மாரே! வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வரவும் மனமில்லாமல் வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் நிற்கும் வாலிபச் சிங்கங்களே! உங்கள் எல்லோருக்கும் அடியேன் கிலிஃபியின் அன்பு தலோஃபா!

பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு பேசுகிறேன். துலோ! துலோ! துலோ! மூன்று தடவை சொல்லிவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வந்திருக்கும் வழக்கே அந்தச் சொல்லைப் பற்றியதுதானே? உட்கார்ந்திருப்பவர் முன்னால் கடந்து போகிறவன் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, ‘துலோ’ என்று பணிந்து போக வேண்டும். பால்குடி மறக்குமுன் நாம் படித்த பாடம் அது. பல் போன பிறகும் நாம் விடாத பழக்கம் அது.

அந்தப் பழக்கத்தை மீறினாள் என்றுதான் அசெனாத்தி இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறாள். அதோ, கிழக்குத் தூணுக்கு அருகே, கண்ணைப் பாயில் வைத்துக்கொண்டு. பசிபிக் தீவுகள் எல்லாம் கூடிய விளையாட்டு விழாவில், ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில், ஓர் அவை நிறையப் பெரிய மனிதர்கள் பார்த்திருக்க, இவள் குனியாமல், வளையாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினாள் என்று தெலெக்கே ஐயா புகார் கொடுத்திருக்கிறார். தீர்ப்பு அவளுக்குப் பாதகமானால் அடுத்த விழாவுக்கு அவள் போக முடியாது. இந்தத் தீவில் அவளுக்கு வேறு மைதானம் கிடையாது, வேறு கொடி கிடையாது, வேறு வாய்ப்பும் கிடையாது.

என்ன தெலெக்கே ஐயா? “காணொளியில நானே பாத்தேன்டா” என்கிறீர்களா? பார்த்தீர்கள் ஐயா, பார்த்தீர்கள்! நீங்கள் பார்த்தது கடைசி முப்பது நொடி, அதுவும் மேடை தெரியாமல், சத்தமும் இல்லாமல். எடுத்தவர் நம் அணியின் குத்துச்சண்டை வீரர். அவர் கைப்பேசியில் மிச்சம் இருந்த இடம் அவ்வளவுதான். மீதி இடத்தை எல்லாம் அவருடைய சொந்த முகம் அடைத்துக்கொண்டிருந்தது. (சிரிப்பு) அந்த முப்பது நொடிக்கு முன்னால் என்ன நடந்தது? அந்த முப்பது நொடிக்குப் பின்னால் யார் இருந்தார்? அதைச் சொல்லத்தான் எழுந்தேன். மூன்று வாரம் தாமதமாக எழுந்தேன். ஏன் தாமதம் என்பதையும் சொல்வேன். அப்போது யாரும் எதையும் எடுத்து எறியக் கூடாது. வைபூனா அம்மா, அந்தத் தேங்காயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில். வானொலியில் கப்பல் வரும் நேரம் வாசிக்கிற கிலிஃபியை, வாசித்த நேரத்தில் ஒருநாளும் கப்பல் வராத கிலிஃபியை, அணி மேலாளராக எப்படி அனுப்பினார்கள்? என் விளையாட்டு ஞானத்துக்காகவா? என் உடற்கட்டுக்காகவா? இல்லை பெரியோர்களே! மேலாளருக்கென்று தைத்து வைத்திருந்த கோட்டு, விண்ணப்பித்த ஐந்து பேரில் எனக்குத்தான் பொத்தான் போட முடிந்தது.

ஏழு வீரர், எட்டு அதிகாரிகள்: இதுதான் நம் படை! தொடக்க விழா அணிவகுப்பில் அறிவிப்பாளர் ‘துவாலு’ என்று சொல்லி வாய் மூடுமுன் நாம் கடந்து போய்விட்டோம். என் சம்சாரம் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். தும்மினாளாம். நிமிர்ந்து பார்த்தால் அடுத்த நாடு போய்க்கொண்டிருந்ததாம்.

சரி, அசெனாத்திக்கு வருகிறேன்.

இவள் எங்கே பயிற்சி எடுத்தாள்? நம் விமான ஓடுதளத்தில். வேறு எங்கே எடுப்பது? நேராக ஒரு கிலோமீட்டர் போனால் கடல் வராத இடம் இந்த நாட்டில் அது ஒன்றுதானே! மாலை ஐந்து மணிக்கு வெயில் தணிந்ததும் அவள் காலணி கட்டுகிறாள். அதே ஐந்து மணிக்கு இந்த ஊர் முழுவதும் என்ன செய்கிறது? பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, காற்று வாங்க அதே ஓடுதளத்துக்குப் போய், விளிம்பு முழுக்க உட்கார்ந்துகொள்கிறது! இந்தக் குடும்பத்தைக் கடக்கிறாள்: “துலோ!” இருபது அடி தள்ளி அடுத்த குடும்பம்: “துலோ!” அதற்கடுத்து தெலெக்கே ஐயா, சட்டை இல்லாமல், சீட்டுக் கட்டோடு: “துலோ, தாத்தா!” தாத்தா சும்மா விடுகிறாரா?

“எங்கம்மா இவ்ளோ அவசரமா ஓடுற? வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?”

“இல்ல தாத்தா, பயிற்சி.”

“பயிற்சியா? அப்ப அவசரம் இல்ல. உக்காரு, சீமைப்பலா சுட்டிருக்கு, ரெண்டு துண்டு தின்னுட்டுப் போ.”

பெரியவர் சொல்லை மீறலாமா? உட்கார்ந்தாள். தின்றாள். எழுந்தாள். ஓடினாள். அடுத்த குடும்பத்தில் தேங்காய்ப் பாலில் வேகவைத்த கிழங்கு! மற்ற நாட்டுப் பெண்கள் பயிற்சியில் எடை குறைந்தார்கள்; நம் பெண் பயிற்சியில் நான்கு கிலோ கூடினாள்! சரி, அது போகட்டும். ஆயிரம் நாள், நாளுக்கு நூறு தடவை குனிந்து ஓடியவளுக்கு, குனிவது பழக்கமா? இல்லை, அது அவள் ஓட்டத்திலேயே ஒரு பகுதி! இடது கால், வலது கால், துலோ! இடது கால், வலது கால், துலோ!

இந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய், எண்ணாயிரம் பேர் கூடிய அரங்கத்தில் நிறுத்தினோம். ஐயாயிரம் மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. ஓட்டம் முடியும் கோட்டுக்குச் சற்று முன்னால், பாதையை ஒட்டியே, கூரை போட்ட மேடை. அதிலே மெத்தை வைத்த நாற்காலிகள். நாற்காலிகளில் யார்? நாட்டுத் தலைவர்கள், அமைச்சர்கள், ஒரு பெரிய தீவின் அரச குலத்து மூதாட்டி. எல்லோரும் எப்படி இருந்தார்கள்? நன்றாகக் கேளுங்கள், வழக்கே இங்கேதான் இருக்கிறது: எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்!

வெடிச் சத்தம் கேட்டது, ஓடினார்கள். முதல் இருநூறு மீட்டரில் நம் பெண் எட்டாவது இடம்! பதினான்கு பேரில் எட்டாவது! நான் கோட்டைக் கழற்றி வீசினேன். மேடை வந்தது. நம் பெண் இடுப்பை வளைத்தாள். கையைத் தாழ்த்தினாள். இருபது எட்டு அப்படியே குனிந்து, “துலோ, துலோ, துலோ” என்று போனாள். நிமிர்ந்தபோது பதின்மூன்றாவது இடம்.

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றிலும் குனிந்தாள். மூன்றாவது சுற்றில் பதினான்காவது இடத்துக்கு வந்தாள். அதற்குப் பிறகு கவலையில்லை, இறங்க இடம் கிடையாது. நான்காவது சுற்றில் அறிவிப்பாளர், “துவாலு வீராங்கனை எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாகத் தெரிகிறது” என்று ஒலிபெருக்கியில் சொல்ல, அரங்கமே தரையைப் பார்த்தது. நல்ல மனம் படைத்த ஒருவர் அடுத்த தடவை அவள் வரும்போது ஒரு காதுத் தோட்டைக் காட்டி, “இதாம்மா?” என்றார். ஆறாவது சுற்றில் வைத்தியர் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

“உங்க பொண்ணுக்கு வயித்து வலி. நான் ஓட்டத்த நிறுத்தப் போறேன்.”

“அம்மா, அது வலி இல்லம்மா. மரியாதை.”

“மரியாதையா? பந்தயத்துலயா?”

“பந்தயத்துல ஓடுனாலும் பெரியவங்க பெரியவங்கதானேம்மா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். ஆனாலும் அசெனாத்தியை ஓட விட்டார், அந்தத் தாய் நன்றாயிருக்க வேண்டும்.

எட்டாவது சுற்றில், மேடையில் இருந்த அரச குலத்து மூதாட்டி நம் பெண்ணுக்குப் பதில் வணக்கமாகத் தலையசைக்கத் தொடங்கினார். அதைப் பார்த்து அமைச்சர்களும் அசைத்தார்கள். அதற்கப்புறம் அசெனாத்தி நிறுத்துவாளா? இன்னும் இரண்டு விரல் தாழ்ந்தே குனிந்தாள்!

பாதை ஓரத்தில் நின்று கத்தினேன்: “ஏ பொண்ணே! குனியாத! நேரா ஓடு! இது பந்தயம்!”

மூச்சு வாங்க அவள் சொன்ன பதில்: “நீங்க வேணா... வந்து... அவங்க முன்னால... நிமிந்து நடந்து காட்டுங்க மாமா!”

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. காட்டுகிறேன் என்று மேடை முன்னால் போனேன். மூன்றாவது எட்டில் என் முதுகு தானாக வளைந்தது! வாய் தானாக “துலோ” என்றது! நண்டு நடை நடந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தேன். இந்த முதுகுகளை வளர்த்தது யார்? நீங்கள்தானே! இந்த வாய்க்குக் கற்றுக்கொடுத்தது யார்? நீங்கள்தானே!

இதற்குள் முதலில் வந்தவள் ஓடி முடித்து, தண்ணீர் குடித்து, பேட்டியும் கொடுத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பரிசளிப்புக்கு மேடைப் படியும் ஒலிவாங்கியும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஓடுபாதையில் மிச்சம் இரண்டே பேர். முன்னால் பலாவ் நாட்டுப் பெண். பின்னால் நம் பெண். அப்போதுதான், பெரியோர்களே, இந்த மரமண்டைக்கு ஒன்று உறைத்தது. எதிர்ப்புறப் பாதையில் நம் பெண் பலாவ் பெண்ணை நெருங்குகிறாள். மேடை முன்னால் குனிகிறாள், விடுகிறாள். மறுபடி நெருங்குகிறாள், மறுபடி குனிகிறாள், மறுபடி விடுகிறாள். கால் தோற்கவில்லை! மூச்சு தோற்கவில்லை! நாற்காலிகள் தோற்கடித்தன!

கடைசிச் சுற்று மணி அடித்தது. பன்னிரண்டாவது தடவையாகக் குனிந்து போனாள் அசெனாத்தி. இன்னும் ஒரே ஒரு தடவை அந்த மேடையைக் கடக்க வேண்டும். நான் மேடைக் காவலரிடம் ஓடினேன்.

“ஐயா, புண்ணியமாப் போவும், மேல இருக்கவங்கள ஒரு நிமிஷம் எழுந்து நிக்கச் சொல்லுங்க.”

“நாட்டுத் தலைவருங்களையா? எதுக்கு?”

“அவங்க நின்னுட்டா எங்க பொண்ணு குனிய வேணாம்.”

“யோவ், கோட்டு போட்டிருக்கியேன்னு பாக்குறேன். போயிடு.”

என்ன செய்வேன்? யாரிடம் போவேன்? உட்கார்ந்திருக்கும் உலகத்தை எழுப்ப கப்பல் நேரம் வாசிக்கிற ஒருவனிடம் என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது, பரிசளிப்புக்காக வைத்திருந்த ஒலிவாங்கி.

போதகர் ஐயா, கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் வந்துவிட்டது.

ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். “அனைவரும் எழுந்து நில்லுங்கள்! துவாலு நாட்டுப்பண்!” என்றேன். பாடினேன்.

(சலசலப்பு)

இருங்கள், இருங்கள்! தெரியும்! தங்கம் வென்றவருக்கு மட்டுமே ஒலிக்க வேண்டிய பண். எனக்குத் தெரிந்து எந்த ஓட்டப் பந்தயத்திலும் நமக்காக ஒலிக்காத பண். ஆண்டவனை அழைக்கும் பண். அதை, கடைசி இடத்தில் ஓடுகிற பெண்ணுக்காக, யார் அனுமதியும் இல்லாமல், வானொலிக்காரர்களே விளம்பரப் பாட்டுக்குக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிய இந்தக் குரலில் பாடினேன்! மேடை எழுந்தது. மூதாட்டி இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அமைச்சர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். அரங்கம் எழுந்தது. எண்ணாயிரம் பேர்! நம் தீவின் மொத்த ஜனமும் திரண்டு வந்தாலும் அந்த அரங்கம் நிரம்புமா சொல்லுங்கள்!

ஆனால் முதல் பத்தி முடிந்துவிட்டது. அவளோ இன்னும் வளைவிலேயே இருக்கிறாள். இரண்டாவது பத்தி... போதகர் ஐயா, இரண்டாவது பத்தி எனக்கு நினைவுக்கு வரவில்லை. நிறுத்தினால் உட்கார்ந்துவிடுவார்கள். என்ன செய்ய? நாம் படகு கரையேற்றும்போது பாடுவோமே, அந்தப் பாட்டுக்குத் தாவினேன்! உலகத் தலைவர்கள் நெஞ்சில் கை வைத்து, கண் மூடி, நம் படகிழுக்கும் பாட்டுக்கு அசையாமல் நின்றார்கள்!

வைபூனா அம்மா என்ன கேட்கிறார்? “பலாவ் பொண்ணு மரியாதைக்கு நின்னுட்டாளா? அதான் இவ முந்துனாளா?” நிற்கவில்லை அம்மா. அவள் நின்றிருந்தால் அந்த நாட்டார் என்னை அங்கேயே நங்கூரத்தோடு கட்டிக் கடலில் இறக்கியிருப்பார்கள். போதகர் என்ன கேட்கிறார்? “சொந்த நாட்டுப் பாட்டுக்கு அசெனாத்தி ஏன் நிக்கல?” நியாயமான கேள்வி. ஐயா, நான் பாடிய விதத்தில், அது நம் நாட்டுப்பண் என்று அவளுக்குத் தெரியவில்லை.

(பலத்த சிரிப்பு)

வளைவைத் தாண்டி வந்தாள். வழக்கம்போல இடுப்பைத் தளர்த்தினாள், கையை இறக்கினாள், தலை நிமிர்த்தி மேடையைப் பார்த்தாள். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர்கூட! நின்றிருப்பவர் முன்னால் நாம் குனிவதுண்டா? ஊர்த்தலைவர் அவர்களே, உண்டா? தெலெக்கே ஐயா, உண்டா? கிடையாது! அவள் முதுகு அதை அறியும். வளைந்த வில் நிமிர்ந்தது. நிமிர்ந்த உடம்பு பறந்தது. அந்த இருபது எட்டில் பலாவ் பெண்ணைத் தாண்டினாள்! முடிவுக் கோட்டைத் தொட்டாள்! கடைசிக்கு முந்தின இடம்! பெரியோர்களே, தாய்மார்களே, கடைசிக்கு முந்தின இடம்! நெடுந்தூர ஓட்டத்தில் நமக்கும் பின்னால் ஓர் ஆள் உண்டு என்று திரும்பிப் பார்க்கும் பேறு, எனக்குத் தெரிந்து நம்மில் வேறு யாருக்கு வாய்த்தது?

புல்தரையில் விழுந்து கிடந்தவளிடம் ஓடினேன். கண்ணைத் திறந்து என்ன கேட்டாள் தெரியுமா? “ஏன் மாமா, இத முதல் சுத்துலயே பாடியிருக்கக் கூடாதா?”

இதுதான் அந்த முப்பது நொடி. இதற்காக விழாக்குழு எனக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தது. அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஊருக்கு வரும் விமானத்தில் அணியில் மற்றவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, இவளிடமும் கெஞ்சினேன்: “அம்மா, நான் பாடுனது போதகருக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். யார்கிட்டயும் சொல்லிடாத.” “சரி மாமா” என்றாள். அந்த ஒரு “சரி”யை மூன்று வாரமாகக் காக்கிறாள்! திமிர் பிடித்தவள் என்றார்கள், வாய் திறக்கவில்லை. வெளியூர்க் காற்று பட்டதும் வளைய மறந்தவள் என்றார்கள், வாய் திறக்கவில்லை. இனி இவளை அனுப்பக் கூடாது என்று இந்த மன்றம் கூடியது. அப்போதும் வாய் திறக்கவில்லை! ஒரு சொல் சொன்னால் தன் கால்கள் தனக்கு மிஞ்சும் என்று தெரிந்தும், ஒரு கோழையின் மானத்துக்காகத் தன் கால்களைக் கொடுக்கத் துணிந்தாள்!

பணிவு எது பெரியோர்களே? இடுப்பு வளைவதா பணிவு? அதைத்தான் பன்னிரண்டு தடவை செய்தாளே! வெற்றியைவிட, பதக்கத்தைவிட, யாரென்றே தெரியாத முதியவரைப் பெரிதென்று நினைத்தாளே, அது பணிவு! மாமன் ஒருவன் தலை குனியக் கூடாது என்று, ஊரே பழித்தும் தான் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அது பணிவு! மரியாதை கெட்டவள் இவளா? இல்லை, இவள் மரியாதைக்குப் பின்னால் மூன்று வாரம் ஒளிந்திருந்த நானா? தண்டிக்க வேண்டுமா? இதோ நிற்கிறேன், தண்டியுங்கள். இரண்டாம் பத்தி மறந்ததற்குத் தனியாகத் தண்டியுங்கள். அவளை ஓட விடுங்கள்!

...

 

தெலெக்கே ஐயா அசெனாத்தியை அழைக்கிறார். பொறுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

“ஏம்மா, இவன் சொல்றது நெசமா?”

“ஆமா தாத்தா.”

“இந்தப் பயலுக்காகவா வாய மூடிட்டு இருந்த?”

“பயந்துட்டாரு தாத்தா. பாவமா இருந்துச்சு.”

“ம்... புகார நான் திரும்ப எடுத்துக்கறேன். ஊர்த்தலைவரே, பொண்ணு போகட்டும். ஆனா இந்தக் கிலிஃபி போகக் கூடாது! பாட்டு தெரிஞ்ச ஆளா ஒருத்தர அனுப்புங்க. வைபூனா போகட்டும். ரெண்டாம் பத்தி, மூணாம் பத்தி எல்லாம் பாடும்!”

ஊர்த்தலைவர் கையை உயர்த்திவிட்டார்! தீர்ப்பு ஆகிவிட்டது! தட்டுங்கள், தட்டுங்கள், கூரை ஓலை பறக்கத் தட்டுங்கள்! வாசல் சிங்கங்களே, உங்கள் ஒலிப்பான்களும் ஒலிக்கட்டும்! வைபூனா அம்மா, ஏன் இப்போதே தொண்டையைச் செருமுகிறீர்கள்? இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது!

பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், எறியாமல் விட்ட தாய்மார்களுக்கும், பெருந்தன்மை காட்டிய தெலெக்கே ஐயாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. போதகர் ஐயாவுக்கு நன்றியை ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேன், அதாவது கொடுத்துக்கொள்கிறேன். அசெனாத்தி ஓடுகிறாள், கிலிஃபி உட்காருகிறான். மகளே, மணி ஐந்தாகப் போகிறது, காலணியை மாட்டு. இப்போது நீ வாசலுக்குப் போகும் வழியில் முதல் பாய் என்னுடையது. என்னைக் கடக்கும்போது மட்டும், அம்மா, நிமிர்ந்தே போ.

வணக்கம்!